நான் அழித்த வெள்ளைப் புள்ளி

மவுஸைப் பிடித்தே கண்நோயைக் குணமாக்கிய முதல் முட்டாள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். ஊசி கிடையாது, சொட்டு மருந்து கிடையாது. இரண்டே கிளிக்கில் வெள்ளைப் புள்ளி போன இடம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரையில்தான். பிள்ளையின் கண்ணுக்குள் அது இருந்த இடத்திலேயே இருந்து வளர்ந்துகொண்டிருந்தது.

என் பிழைப்பைச் சொன்னால்தான் இந்தக் கிறுக்குத்தனம் புரியும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் போடுகிறவன் நான். புஸ்வாணப் பெட்டிக்கு மயில், அணுகுண்டுப் பெட்டிக்குப் புலி, கம்பி மத்தாப்புப் பெட்டிக்குக் கன்னம் உப்பிய குழந்தை. புலியின் பல்லைத் தீட்டிவிடுவேன், மயிலுக்கு இல்லாத இறகையும் ஒட்டிவிடுவேன். எந்தப் படம் கைக்கு வந்தாலும் முதல் வேலை அதைச் சுத்தம் செய்வது. மரு, தழும்பு, வெளிச்சம் பட்ட திட்டு எதுவும் தப்பாது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குக் கொடுத்த என் படத்தில்கூட நெற்றிக்கு மேலே ஒரு கைப்பிடி முடி நட்டுத்தான் கொடுத்தேன். தாலி கட்டக் குனிந்தபோது என் மனைவி என்னிடம் பேசிய முதல் பேச்சு, "முடி எங்க?" என்பது. அவள் அளந்து பேசுகிறவள். வீட்டுக்குத் தேவையான மீதிப் பேச்சு முழுவதையும் நான் பேசிவிடுகிறேன்.

சீசன் ஆர்டர் எதையும் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தவன் இல்லை நான். என் கணக்கில் நேரத்துக்கு முன்னால் வந்த டெலிவரி ஒன்றே ஒன்றுதான், எங்கள் பெண் பிள்ளை. ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு சீனிப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மூக்கில் குழாய், தொப்புளில் குழாய், என் சுண்டுவிரலைவிட மெலிந்த கையில் ஊசி. "பார்சல் சின்னதா இருந்தாலும் பேக்கிங் பலமா இருக்கு" என்று நர்ஸிடம் சொன்னேன். அந்த அம்மாள் பாவம், சிரித்துவைத்தார்.

சில நாள் கழித்து, பால் குடிப்பது நின்றது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. குழந்தை டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரத்தத்துல பூஞ்சை வளந்திருக்கு," என்றார்.

"பூஞ்சையா? எங்க ஊர்ல ஊறுகாய்லகூடப் பூஞ்சை பிடிக்காதே டாக்டர். மழையே பெய்யாதுன்னுதானே இங்கன வந்து பட்டாசுக் கம்பெனி போட்டான்?"

அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "மழைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நம்ம எல்லார் உடம்புலயும் இருக்கிறதுதான். உங்களையும் என்னையும் ஒண்ணும் பண்ணாது. உங்க பிள்ளைக்கு மாசம் நிறையல. தோல் இன்னும் காகிதம் மாதிரி இருக்கு. ரத்தக் குழாயில டியூப் போட்டிருக்கோம். கிருமிக்குக் கொடுத்த மருந்து நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுடும். அந்தக் காலி இடத்துல இது ஏறிக்கிடும்."

காகிதம் என்றதும் எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காகிதத்தின் கனத்தை அச்சகத்தில் அப்படித்தான் சொல்வோம். மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவள் கேட்டாள், "யாரு கையில இருந்து வந்துச்சு?"

"யார் கையும் இல்லம்மா. தேடாதீங்க."

பூஞ்சைக்கு மருந்து ஏற்றினார்கள். வாரக்கணக்கில் ஏறியது. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் பால் குடித்தது. கண் டாக்டர் ஒருவர் வந்து கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, இப்போதைக்கு இரண்டு கண்ணும் சுத்தம் என்றார். ரத்தத்திலும் பூஞ்சை போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார்.

"ரத்தத்துல போயிட்டாலும் கண்ணுக்குள்ள ஒளிஞ்சிருந்து வரும். அடுத்த வாரம் கண்ணை மறுபடி காட்டணும். அதுக்கு முன்னாடியே கறுப்பு மணியில வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா, நாள் பாக்காம வந்திருங்க."

நான் தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன். முடி தடுக்காத தலை, லேசாக ஆடும்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை வந்தது. என் அக்கா அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வேலை விட்டதும் நேரே வந்தாள், வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே வாவென்றால் மாட்டேன் என்றாள். "எம்புட்டு சோப்பு போட்டாலும் கையில பட்டாசு மருந்து மணக்குதுலே. நான் இங்கனயே நின்னு பாத்துக்கிடுதேன். பிள்ளையக் கொஞ்சம் தூக்கிக் காட்டு." தூக்கிக் காட்டினேன். ஏழாம் மாதப் பிள்ளை கெட்டி, பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் நான் அச்சகத்துக்குப் போனேன். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். மனுசனுக்குப் பிரியம் வந்தால் அதை லேபிளாகத்தான் காட்டத் தெரியும்.

"ஏலே, பிள்ளைய ஒரு போட்டோ எடுத்துட்டு வா. கம்பி மத்தாப்பு லேபிளுக்கு எவன் பிள்ளையவோ தேடிக்கிட்டுக் கெடக்கோம். இந்த வருசம் நம்ம பிள்ளையப் போட்ருவோம்."

வீட்டில் வந்து சொன்னேன். "வேண்டாம், கண்ணு பட்டுரும்" என்றாள் மனைவி. "படட்டும், பெட்டி பூரா வடக்கதான் போவுது. வடக்கத்திக்காரன் கண்ணு இவ்வளவு தூரம் வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை வளந்துரும்" என்றேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் செல்போனில் எடுத்துவிட்டேன். அரைத் தூக்கத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து மூடியது. பளிச்சென்று வெளிச்சம் அடித்ததில் முகத்தைச் சுளித்தது. ஒரே ஒரு படம் தேறியது.

அதைத் திரையில் பெரிதாக்கி உட்கார்ந்தேன். ஒட்டிப்போன கன்னத்தை உப்ப வைத்தேன். மூக்குக் குழாயை ஒட்டிய பிளாஸ்திரித் தடத்தை எடுத்தேன். நெற்றியில் ஊசி குத்திய கன்றலை எடுத்தேன். பிறகு கண்ணுக்கு வந்தேன். வலது கண் கறுப்பாக இருந்தது. இடது கண்ணின் கறுப்பு மணிக்கு நடுவில் வெள்ளையாக, சாம்பல் பூத்ததுபோல ஒரு புள்ளி. செல்போன் வெளிச்சம் என்று முடிவுகட்டினேன். இப்படி எத்தனை வெளிச்சத்தை எடுத்திருக்கிறேன்! வலது கண்ணின் கறுப்பில் கொஞ்சம் எடுத்து இடது கண்ணில் வைத்து ஓரத்தை இழைத்துவிட்டேன். இரண்டு கண்ணும் ஜோடி சேர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லையா? என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரவில்லை. வீட்டில் பிள்ளையைத் தொட்டால் டெட்டாலில் கை கழுவிய நான், திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதை ஓர் ஆர்டராகத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் லேபிளுக்கு மாதிரி புரூஃப் அடித்து வந்தது. காலையில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். லேபிளைப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்கு."

"பின்ன? டிசைன் போட்டது யாரு?"

"பிள்ளைக்கு அப்பிடி இல்ல."

குனிந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்திருந்தது. இடது கண்ணின் மணிக்குள் அந்த வெள்ளை இருந்தது. திரையில் பார்த்ததைவிடப் பெரிதாக, பஞ்சுத் துணுக்கை உள்ளே வைத்து மூடியதுபோல. இங்கே செல்போன் வெளிச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நான் அத அழிச்சேன்," என்றேன்.

"எத?"

"போட்டோவுல இருந்துச்சு. லைட்டுன்னு நெனச்சு அழிச்சேன்."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் திராணியில்லை. எழுந்து பையில் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் வேலைக்குப் போகிற வழியில் அக்கா எட்டிப்பார்த்தாள், பிள்ளையின் கண்ணைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் கண்ணில் எது வந்தாலும் பட்டாசு மருந்து விழுந்துவிட்டது என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அதுவாகவும் இருக்கும். அக்கா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் சேலையில இருந்துதான் மருந்து பறந்திருக்கும். அம்புட்டு தள்ளி நின்னேனேலே! தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா எடுத்துக்கிட்டு வந்துரும், கொஞ்சம் பொறுங்க..."

"மதினி, வழி விடுங்க," என்றாள் என் மனைவி.

விருதுநகரில் டாக்டரம்மா டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குப் போன் போட்டார். அன்று மதியமே மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மணி விரிய ஒரு சொட்டு விட்டு, காத்திருக்கச் சொல்லி, மறுபடி ஒரு சொட்டு விட்டார்கள். கூடத்தில் எங்களைப்போலவே துண்டில் சுருட்டிய பொடிப் பிள்ளைகளோடு பலர். ஒரு தகப்பனிடம், "உங்க பார்சல் எத்தனாம் மாசம்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தேன். வாய் அதுபாட்டுக்கு ஓடியது. அதை நிறுத்தினால் உள்ளே இருந்து வேறு என்ன வருமோ என்று பயம்.

"அப்பா வெளிய நில்லுங்க," என்றார் நர்ஸ். இமையைத் திறந்து வைக்க ஒரு சின்னக் கம்பியை மாட்டுவார்களாம். கதவு மூடிய பிறகு சத்தம் மட்டும் வந்தது. பூனைக்குட்டி அளவுகூட இல்லாத தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்த கண் டாக்டர் சின்ன வயசுக்காரர். நிதானமாகச் சொன்னார். ரத்தத்தில் ஓடிய பூஞ்சை கண்ணிலும் இறங்கியிருக்கிறது. இடது கண்ணில் லென்ஸுக்குள்ளேயே கூடுகட்டிச் சீழ் வைத்துவிட்டது. ரத்தத்தில் ஏற்றிய மருந்து அங்கே போய்ச் சேராது. பின்னால் இருக்கும் விழித்திரையும் கெட்டிருக்கும்போலத் தெரிகிறது. வலது கண்ணில் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இரண்டு, ஒன்று பார்வையின் நடுவிடத்துக்குப் பக்கத்தில்.

"எப்போலேர்ந்து வெள்ளையா இருக்கு?"

செல்போனை நீட்டினேன். கை வைக்காத படம் அதில் இருந்தது.

"இது சில நாள் முன்னாடி எடுத்ததா? அப்போ பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர். அழிச்சேன்."

"அழிச்சேன்னா?"

விளக்கினேன். விளக்கும்போதே என் பாழாய்ப்போன வாய், "யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, அப்பிடி அழிச்சேன்" என்று சேர்த்துக்கொண்டது. அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் கேட்டேன், "அன்னைக்கே வந்திருந்தா?"

"சொல்ல முடியாது."

ஆமாம் என்றிருந்தால் சுவரில் முட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் எங்காவது விழுந்து தூங்கியிருப்பேன். இந்தச் 'சொல்ல முடியாது' இருக்கிறதே, இதை வைத்துக்கொண்டு ஒரு மனுசன் என்ன செய்வது? சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். துவைத்தாலும் போகவில்லை.

இடது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். லென்ஸை எடுத்தார்கள், உள்ளே இருந்த கூழை எடுத்தார்கள், மருந்தை ஊசியால் கண்ணுக்குள்ளேயே செலுத்தினார்கள். பூஞ்சை செத்தது. கண்ணும் அதோடு போய்விட்டது. அதில் இனி வெளிச்சம்கூடத் தெரியாது என்றார் டாக்டர். வலது கண்ணுக்காக மறுபடியும் வாரக்கணக்கில் மருந்து ஏறியது. ஏறும்போதெல்லாம் பிள்ளைக்கு உடம்பு தூக்கிப்போடும். மனைவி அதன் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அந்த வாரங்களில் அவள் என்னோடு பேசியதெல்லாம் துணி, வெந்நீர், பால் இவ்வளவுதான். நான் வார்டு முழுக்கச் சிரிப்புக் காட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் வறண்டுவிடும்.

ஒருநாள் அண்ணாச்சி போன் செய்தார். பிள்ளைக்கு ஏதோ காய்ச்சல் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"லேபிள் என்னமா வந்திருக்கு! கண்ணு ரெண்டும் பேசுதுலே. வடக்க இருந்து ரெண்டாவது ஆர்டர் வந்துட்டு."

"அண்ணாச்சி, அந்தப் படத்த நிப்பாட்டிருங்க."

"ஏன்லே? கிறுக்கா உனக்கு?"

சொன்னேன்.

"லோடு போயிட்டுலே," என்றார். நல்ல மனுசன். இரண்டாவது ஆர்டருக்கு வேறு பிள்ளையைப் போடச் சொல்லிவிட்டார். போன லோடு போனதுதான். அந்தத் தீபாவளிக்கு நான் பார்க்காத ஊர்களில் என் பிள்ளையின் முகத்தைக் கிழித்துத்தான் மத்தாப்பை எடுத்திருப்பார்கள். மறுநாள் தெருவில் காலிப் பெட்டிகள் கிடந்திருக்கும், இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்தபடி.

அக்கா இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டாள். கண்ணில் கோளாறென்றால் எங்கள் பக்கத்தில் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவது வழக்கம். வெள்ளித் தகட்டில் அடித்த கண். கோயில் வாசல் கடையில் வாங்கித் தாளில் மடித்து வந்து எங்களிடம் காட்டினாள். நான் கேட்டேன், "ஜோடியா வாங்குனியா, ஒத்தையா?"

அக்கா என் வாயிலேயே ஒன்று போட்டாள். பட்டாசு மருந்து மணக்கும் கை. "வாயக் கழுவுலே, நாசமாப் போறவனே!" பிறகு அவளே என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுடைய சேலைத் தூசியால்தான் வந்தது என்பதை இன்றுவரை நம்புகிறாள். டாக்டர் சொன்னதை நான் எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. என் படத்தைப் பற்றிச் சொன்னால், "போலே, போட்டோவுல என்ன இருக்கு" என்கிறாள். ஜோடியைத்தான் சாத்திவிட்டு வந்தாள்.

இப்போது பிள்ளை வீட்டில் இருக்கிறது. எடை ஏறியிருக்கிறது. நான் கம்ப்யூட்டரில் உப்ப வைத்த அளவுக்குக் கன்னம் தானாகவே உப்பிவிட்டது. இடது கண் வலதைவிடச் சுருங்கிக்கொண்டு வருகிறது. வளர்ந்த பிறகு செயற்கைக் கண் வைக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

வலது கண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. போன தடவை மதுரைக்குப் போனபோது, திட்டுகள் காய்ந்து வடுவாகிவிட்டன என்றார் டாக்டர். நடுவிடத்தை வடு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது போகப்போகத்தான் தெரியுமாம். "வீட்ல நீங்களே பாருங்க. சத்தம் காட்டாம முகத்தைக் கிட்ட கொண்டுபோய் மெல்ல நகத்துங்க. கண்ணு கூடவே வருதான்னு கவனிங்க. சத்தம் வந்தா எந்தப் பிள்ளையும் திரும்பும், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

அன்றிலிருந்து மனைவி தினமும் காலையில் வளையலைக் கழற்றி வைக்கிறாள். கொலுசையும் கழற்றுகிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்கு மேல் குனிந்து, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிறாள். முடிந்ததும் வளையலைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். என்ன தெரிந்தது என்று அவள் சொல்வதில்லை. நான் கேட்பதும் இல்லை. எனக்கு அவள் முதுகைப் பார்த்தே கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது, தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்கிறேன்.

என் முறை சாயங்காலம். அச்சகத்தில் இருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டுப் பிள்ளைக்கு முன்னால் நின்று என் சரக்கு எல்லாவற்றையும் இறக்குவேன். புலியாக உறுமுவேன், ராக்கெட்டாகச் சீறுவேன், பற்றவைத்து வெடிக்காத வெடியாகப் புஸ்ஸென்று அடங்குவேன். நேற்று அப்படி அடங்கியபோது பிள்ளை வாயைத் திறந்து கெக்கெக்கென்று சிரித்தது. முதல் முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தது. முகம் நேராக என் பக்கம் திரும்பியிருந்தது.

"ஏ, இங்க வா, வந்து பாரேன்! என்னையப் பாத்துச் சிரிக்குது! நேரா என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்குது!" என்று கத்தினேன்.

அவள் ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பேசாம நின்னு காட்டுங்க."